கனகாம்பிகையின் பெரும்பாடு

பேனை முனையைச் சேலைத் தலைப்பில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் கனகாம்பிகை. சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தாள். மைப் போத்தலை ஆட்டிப் பார்த்தாள். தாளின் இடது பக்கத்தில் கோடு போட்டாள். கோடு சரிந்துவிட்டதென்று தாளை மாற்றினாள். பாயின் ஓரத்தில் ஓர் ஓலை நுனி கிளம்பி நின்றது. அதைப் பிடுங்கினாள். உடனே அடுத்த நுனியும் கண்ணில் பட்டது.

குசினிக்குள்ளிருந்து இரத்தினம்மாவின் குரல் வந்தது.

"எடி கனகம், மல்லி எங்கையடி கிடக்கு?"

"கறுத்த மூடிப் பேணியுக்கை, மச்சாள்."

"இஞ்சை கறுத்த மூடி ஒண்டையும் காணேல்லை. ஒருக்கா வந்து எடுத்துத் தந்திட்டுப் போவன்."

"எப்பிடி மச்சாள் வாறது? நான் துடக்கெல்லே!"

குரலில் இருந்தது கவலை. முகத்தில் இருந்தது சிரிப்பு.

பண்டத்தரிப்பில் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. அதன் பக்கச் சுவரோடு கூரை இறக்கிய பத்தியில் ஒரு பாய், ஒரு செம்பு, விளிம்பு உடைந்த ஓர் எனாமல் கோப்பை. மாதத்தில் மூன்று நாளைக்குக் கனகாம்பிகையின் இராச்சியம் இவ்வளவுதான். அந்த நாட்களில் அவள் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. கிணற்றுக் கட்டில் ஏறக் கூடாது. சாமி அறைப் பக்கம் திரும்பக் கூடாது. மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே நடந்தால் கன்று கருகிவிடுமாம். கொடியில் காயும் உடுப்பில் கை பட்டால் உடுப்பை மறுபடி தோய்க்க வேண்டும். அவளை யாரும் தொட மாட்டார்கள். தேத்தண்ணீரைக்கூடக் கையில் கொடுப்பதில்லை. எட்ட நின்று கோப்பையை நிலத்தில் வைத்து, ஒற்றை விரலால் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். நாலாம் நாள் விடியத் தலை முழுகினால் எல்லாம் பழையபடி.

ஊர்ப் பெண்கள் இந்த நாட்களைச் சபித்தார்கள். கனகாம்பிகை இவற்றுக்காகக் காத்திருந்தாள்.

ஏனென்றால் மற்ற நாட்களில் அவளால் ஒரு வசனத்தை எழுதி முடிக்க முடியாது. எழுவாயை எழுதும்போது ஆடு கத்தும். ஆட்டுக்குக் குழை போட்டுவிட்டு வந்தால் மாதகலிலிருந்து மீன்காரனின் சைக்கிள் வந்து படலையில் நிற்கும். மீனை அரிந்து வைத்துவிட்டு வந்தால், எழுவாய்க்குச் சொந்தக்காரி யாரென்றே மறந்து போயிருக்கும். வெங்காயம் பிடுங்கும் காலத்தில் வீடு முழுக்க வெங்காயம். இடை நடுவில் மகள் கமலாவதி, "அம்மா, என்ரை நீலச் சட்டை எங்கை?" கணவர் முத்துக்குமாரு எதையும் கேட்க மாட்டார், ஆனால் பசித்தால் விறாந்தையில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கு எழும்பாமல் இருக்கும் கால் அவளிடம் இல்லை.

அவள் முதல் கதை எழுதியது ஒரு துடக்கு நாளில்தான். பொழுது போகாமல் கமலாவதியின் பழைய கொப்பியில் கிழித்த தாள்களில் கிறுக்கினாள். மூன்றாம் நாள் பின்னேரம் பார்த்தால், கதை முடிந்திருந்தது. அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. கல்யாணம் முடித்த பிறகு, நடுவில் எழும்பாமல் அவள் செய்து முடித்த முதல் வேலை அது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றின் ஞாயிறு இதழில் அது அச்சாகி வந்தபோதுகூட அவள் அவ்வளவு திடுக்கிடவில்லை.

அதன் பிறகு மாதம் ஒரு கதை. எதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் நாள் பாய் நுனி பிடுங்குவதிலும் நித்திரையிலும் போகும். இரண்டாம் நாள் பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பாள். வைத்த பெயரை மாற்றுவாள். எறும்பு போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் மத்தியானம் திடீரென்று வயிற்றுக்குள் நெருப்புப் பற்றும். விடிந்தால் முழுக்கு! முழுகினால் குசினி! பிறகு பேனை நிற்காது. பத்திரிகைக்காரர் கெடு வைப்பதற்கு முன்பே கனகாம்பிகைக்குக் கெடு வைத்தது அந்த நாலாம் நாள் முழுக்குத்தான்.

முத்துக்குமாரு வெங்காயமும் மிளகாயும் வைக்கிற மனிதர். வெளிநாட்டு மிளகாய் வராமல் நின்றுபோய், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் நிமிர்ந்து நடந்த காலம் அது. அவர் மட்டும் நிமிரவில்லை. கூச்சம். கல்யாணப் படத்தில்கூட அவர் பாதிதான் இருக்கிறார்; படமெடுப்பவர் சொடுக்கும் நேரம் பார்த்துத் தோழன் பின்னால் ஒதுங்கிவிட்டார். கோயிலில் கடைசித் தூணோடு நிற்பார். ஐயர் திருநீற்றோடு தேடி வர வேண்டும். மனைவி எழுதுவதைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காய விலையை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடிப்பார். மடித்த பிறகு மறுபடி விரித்து எதையோ வாசிப்பார். எதையென்று அவள் கேட்டதில்லை.

அந்த வருடம் பங்குனியில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன.

பத்திரிகை ஆசிரியர் ஒரு தொடர்கதை கேட்டு எழுதினார். கிழமைக்கு ஓர் அத்தியாயம். கனகாம்பிகை அந்தத் தபாலை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் தனக்குள் சிரித்தாள். மாதத்துக்கு நாலு கிழமை இருப்பது இரவு படுக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. இயற்கை அவளுக்குத் தந்திருப்பதோ ஒன்று.

அந்த ஒன்றும் அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நாற்பத்தேழு வயது. வேறு பெண்களுக்கு அது விடுதலையாக இருந்திருக்கும். கனகாம்பிகை கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி விறைத்துப் போய் நின்றாள். அவளுடைய மேசையையும் கதிரையையும் யாரோ ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது.

முதலாவது பொய்யைச் சொல்லும்போது வேலியைப் பிடித்துக்கொண்டாள். "மச்சாள், நான் துடக்கு." அடுத்த வளவில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த இரத்தினம்மா நிமிர்ந்து பார்த்தாள். முத்துக்குமாருவின் அக்கா அவள், கணவனை இழந்தவள், ஆசாரம் என்றால் உயிர். கனகம் துடக்கென்றால் ஆள் நுழையும் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து சமையலை ஏற்றுக்கொள்பவளும் அவள்தான். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள் என்று கனகாம்பிகை பயந்தாள்.

"சரி சரி, அங்காலை போய் இரு. அடுப்பைத் தொட்டுக் கிட்டுப் போடாதை" என்றாள் இரத்தினம்மா. அவ்வளவுதான்.

அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் கனகாம்பிகையைத் திகைக்க வைத்தது. உலகம் இடியவில்லை. பல்லிகூடச் சத்தமிடவில்லை. பாயில் உட்கார்ந்தாள். முதல் அத்தியாயம் வந்தது. இரண்டாவதும் வந்தது. கதைக்குள் ஒரு பெண், பவளம் என்று பெயர். மாமன் வீட்டில் வேலைக்காரி போல இருந்து, வெளியே போக ஒரு வழி தேடுகிறாள். வாசகர்கள் கடிதம் போட்டார்கள். ஒரு நாள் தோட்டத்தால் வந்த முத்துக்குமாரு, கால் கழுவிக்கொண்டே, வேலியைப் பார்த்துக் கேட்டார்:

"இஞ்சேரும்... உந்தப் பவளத்தைச் சாக்காட்டப் போறீரோ?"

கனகாம்பிகை திகைத்துப் போய் வாயைத் திறக்குமுன் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்படியானால் ஞாயிறுதோறும் மடித்த பத்திரிகையை அவர் மறுபடி விரித்தது இதற்காகத்தானா?

மாதம் ஒரு துடக்கு என்பது இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. அங்கேதான் அவள் எதிர்பாராத ஓர் இடைஞ்சல் வந்தது. உண்மையான துடக்குத் தானாக முடியும். பொய்த் துடக்கை அவள்தான் முடிக்க வேண்டும். நாலாம் நாள் முழுக்கு இப்போது அவள் கையில் இருந்தது. வேண்டுமென்றால் ஒரு நாளைக் கூட்டலாம். கூட்டினாள். கூட்டிய நாளில் பாய் நுனி பிடுங்கினாள். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு முடியாவிட்டால் அடுத்த கிழமை இன்னொரு துடக்கு வரும். ஆடு கத்தினால் அவளைக் கூப்பிடவில்லை. மீன்காரனும் கூப்பிடவில்லை. கமலாவதி தன் சட்டையைத் தானே தேடினாள். கேட்பாரில்லாத அந்தப் பெரிய அமைதிக்குள் கனகாம்பிகை உட்கார்ந்து, பேனை முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாய்க்குப் பாதி ஓரம் இல்லாமல் போயிற்று.

இதற்கிடையில் குசினிக்குள் வேறொரு கதை ஓடியது.

"தம்பி, உது சும்மா காரியமில்லை" என்று இரத்தினம்மா முத்துக்குமாருவிடம் தணிந்த குரலில் சொன்னாள். தணிந்த குரலென்பது அவள் நினைப்பு, பத்திவரை கேட்டது. "மாதத்திலை ஒருக்கா எண்டால் பெம்பிளை. மூண்டு தரம் எண்டால் நோய் வருத்தம். உது பெரும்பாடு. எங்கடை சின்னம்மா உதிலைதான் போனவ."

முத்துக்குமாரு மண்வெட்டியைத் தூக்கும் சத்தம் கேட்டது. செருமல்கூட வரவில்லை.

மறுநாள் பரியாரியார் கொடுத்த மூலிகைச் சரக்குகள் வந்து இறங்கின. இரத்தினம்மா அவற்றை அவித்து வடித்துக் கோப்பையில் ஊற்றித் தள்ளிவிட்டாள். வாயில் வைத்தபோது கனகாம்பிகையின் கண்கள் இரண்டும் பிதுங்கின. வேப்பம் பட்டையையும் பழைய செருப்பையும் சேர்த்து அவித்த ருசி.

"குடியடி. ஒரு சொட்டும் மிச்சம் விடாதை. ஒரு மண்டலம் குடிக்க வேணும்."

குடித்தாள். இல்லாத நோய்க்குக் கசப்பு மருந்து குடிப்பதும் எழுத்து வேலையின் ஒரு பகுதிதான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மத்தியானத்துக்கு வாழைப்பூ. இரவுக்கும் வாழைப்பூ. "முகத்திலை இரத்தமே இல்லை" என்று பார்ப்பவர்கள் சொன்னார்கள். வாழைப்பூவையே தின்றுகொண்டிருந்தால் யார் முகத்தில் இரத்தம் இருக்கும்?

ஆனி பிறந்தது. ஊர்ப் பிள்ளையாருக்குக் கொடியேறியது. அந்த நேரம் பத்திரிகையிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. இறுதி அத்தியாயம் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைத் தபாலில் அனுப்பாவிட்டால் கதையை வேறொருவரைக் கொண்டு முடிப்பித்துக்கொள்வார்களாம்.

வேறொருவரைக் கொண்டா? பவளத்தையா? கனகாம்பிகை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாத யாரோ ஓர் ஆள் பவளத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. கிணற்றில் தள்ளினாலும் தள்ளுவான்.

சனிக்கிழமை தேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் சொன்னாள்: "மச்சாள், நான் துடக்கு."

இரத்தினம்மாவின் கையிலிருந்த சுளகு நழுவியது. "தேருக்குமோ? எடியே, பிள்ளையாற்றை தேருக்குமோ?" மற்றப் பெண்கள் தேர்ப் பக்கம் துடக்கு வந்துவிடக் கூடாதென்று குளிசை வாங்கிப் போடுவார்கள். முத்துக்குமாரு படலையடியில் நின்றார். கனகாம்பிகையைப் பார்த்தார். அவர் முகம் சாம்பலாகியிருந்தது. தோட்டத்துப் பக்கம் போனார்.

சனி விடிய எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டில் யாருமே இல்லை. ஆட்டைக்கூடக் கமலாவதி தூரத்தில் கொண்டுபோய்க் கட்டியிருந்தாள். ஊர் முழுவதும் கோயிலில். தவில் சத்தம் மட்டும் காற்றோடு வந்து போனது. இப்படியொரு நாளைக் கனகாம்பிகை வாழ்நாளில் கண்டதில்லை.

பேனையை எடுத்தாள். "பவளம்" என்று எழுதினாள். முனையைத் துடைத்தாள். எழும்பி முற்றத்துக்குப் போய் வந்தாள். விறாந்தைக் கதிரையை நேராக்கினாள். கொடியில் முத்துக்குமாருவின் வேட்டி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது; இழுத்துச் சரிசெய்தாள். தொட்ட பிறகுதான் தொடக்கூடாதென்ற நினைவு வந்தது. தொட்டாயிற்று. குசினிக் கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். இரத்தினம்மா பேணிகளை ஒழுங்கில்லாமல் அடுக்கியிருந்தாள். அடுக்கினாள். எல்லோரும் களைத்து வருவார்களே என்று தோன்றியது. ஒரு தேங்காயை உடைத்தாள். திருவலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாட்டொன்றை முணுமுணுத்தபடி திருவத் தொடங்கினாள்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தானாகவே போனாள்.

"அம்மா!"

கமலாவதி குசினி வாசலில் நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் வெறும் செம்பு. கனகாம்பிகை தேங்காய்ப் பாதியை மடிக்குள் மறைக்கப் பார்த்தாள். துடக்குக்காரி அடுப்படியில். மடியில் தேங்காய்ப்பூ. என்ன சொல்வது?

மகள் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "மஞ்சள் எங்கையம்மா? பழந்துவாயும் வேணும். கெதியா."

"ஆருக்கு? என்ன நடந்தது?"

"அப்பா உருளுறார்."

"என்ன?"

"தேருக்குப் பின்னாலை பிரதட்டை அடிக்கிறார், அம்மா. மேலெல்லாம் உரிஞ்சு போச்சு. சுடுமணல். அரைவாசி வீதிதான் முடிஞ்சிருக்கு. நிப்பாட்டச் சொன்னாலும் கேக்கிறாரில்லை. உங்களுக்கு நேர்த்தியாம். உங்கடை வருத்தம் நிக்க வேணுமாம்."

திருவலை சரிந்தது. கல்யாணப் படத்தில் ஒளிந்துகொண்ட மனிதர். கடைசித் தூண்காரர். ஊர் முழுவதும் பார்த்திருக்க, வெறும் மேலோடு, தெருவில், அவளுக்காக.

"எனக்கு ஒரு வருத்தமுமில்லையடி" என்றாள். குரல் அவளுடையது போல இல்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வேலியோரக் கொடியிலை மூண்டு மாதமா ஒரு துடக்குத் துணியும் காயேல்லையே, அம்மா. நான் என்ன குருடே?" கமலாவதி மஞ்சள் பேணியைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னாள். "கதை முடியட்டும் எண்டு பேசாமல் இருந்தனான். அப்பா இப்பிடிச் செய்வார் எண்டு ஆர் கண்டது?"

கனகாம்பிகை ஓடினாள். தலை முழுகாத கோலம், கசங்கிய சேலை, கையெல்லாம் தேங்காய்ப்பூ. செருப்பில்லை. வீதி மணல் உள்ளங்காலைச் சுட்டது. காலுக்கே இப்படியென்றால் நெஞ்சுக்கு?

தேர் வடக்கு வீதியில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் சனம். சனத்துக்கு நடுவே வெறும் மணல் ஒரு பாதையாகத் தெரிந்தது. அவள் உள்ளே நுழைந்தாள்.

"எடி கனகம்!"

இரத்தினம்மாவின் அலறல். "துடக்கோடை தேர் வீதிக்கு வந்தனியோ? உனக்கென்ன விசரே?"

சனம் விலகியது. வழிவிடுவதற்காக அல்ல, பட்டுவிடக் கூடாதென்று. ஒரு தாய் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தலைகளெல்லாம் திரும்பின. இந்தக் கண்களுக்குப் பயந்துதான் கனகாம்பிகை தன் கதைகளின் கீழே முழுப்பெயர் போடாமல் 'அம்பிகை' என்று மட்டும் போட்டாள்.

"எனக்குத் துடக்கில்லை, மச்சாள்!"

தவில் சத்தத்தை மீறத்தான் அவள் அப்படிக் கத்தினாள். அந்த நேரம் பார்த்துத் தவில் நின்றது. அவள் குரல் மட்டும் தனியாகத் தேர் வீதியில் போய்க் கோபுரத்தில் பட்டது.

"என்னடி சொல்லுறாய்?"

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "துடக்கில்லை. நிண்டு போச்சு. பங்குனியிலையே..."

"நிண்டிட்டுதோ!"

மணலிலிருந்து வந்தது அந்தக் குரல். முத்துக்குமாரு குப்புறக் கிடந்தார். நீட்டிய கைகளுக்குள் ஒரு தேங்காய். முதுகிலும் தோளிலும் மண்ணும் இரத்தமும். தலையை மட்டும் தூக்கியிருந்தார். ஒரு கன்னம் முழுக்க மணல் ஒட்டியிருந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவர் நாலு பேருக்கு நடுவே குரல் எழுப்பி யாரும் கேட்டதில்லை. அவர் கண்கள் கனகாம்பிகையின் கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவில் போய் நின்றன. ஒரு கணம் நின்றன. பிறகு அவள் முகத்துக்கு வந்தன.

மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடவே வந்த அயல்வீட்டுக் கனகசபாபதி குனிந்தார். "என்ன முத்துக்குமாரு, மனிசி பங்குனியிலை எண்டு என்னவோ..."

"நிண்டிட்டுதாம் அண்ணை" என்றார் முத்துக்குமாரு, வாய்க்குள் போன மணலைத் துப்பிவிட்டு. "கேக்கேல்லையே? நேர்த்தி முடியமுன்னமே பிள்ளையார் கேட்டிட்டார்."

யாரோ "அரோகரா!" என்றார்கள். சனம் பிடித்துக்கொண்டது. தவில் மறுபடி முழங்கியது. இரத்தினம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். "எழும்புங்கோ, போதும்" என்று கனகாம்பிகை கெஞ்சியது யாருக்கும் கேட்கவில்லை. முத்துக்குமாரு தேங்காயை இறுக்கிப் பிடித்தார். புரண்டார். மிச்ச வீதியையும் உருண்டே முடித்தார்.

பின்னேரம் விறாந்தையில் அவரை உட்கார்த்தி மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசினாள் கனகாம்பிகை. தொட்ட இடமெல்லாம் அவர் சுருங்கினார்.

"எழுத வேணுமெண்டு சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில், வேலியைப் பார்த்தபடி.

"சொல்லியிருந்தால் விட்டிருப்பியளோ?"

முத்துக்குமாரு நேர்மையான மனிதர். யோசித்தார். "தெரியேல்லை" என்றார்.

அவள் கை முதுகில் அப்படியே நின்றது. எரிந்து விழுந்திருந்தால்கூட அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"எனக்கும் தெரியேல்லை" என்றாள். "இண்டைக்கு வீட்டிலை ஒருத்தருமில்லை. எழுதினனானோ? தேங்காய் திருவினனான்."

அவர் சிரித்தார். சிரித்ததில் விலா எரிந்திருக்க வேண்டும், "ஆ" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப, பவளத்தை என்ன செய்யிறதாக உத்தேசம்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கனகாம்பிகை பத்தியிலிருந்த பாயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் காயப்போட்டாள். காய்ந்ததும் அதைப் பத்திக்குக் கொண்டுபோகவில்லை. விறாந்தையின் நடுவில், எல்லோரும் நடக்கிற வழியில் விரித்தாள். தாள், மைப் போத்தல், பேனை. ஆடு கத்தியது. கமலாவதி போய்ப் பார்த்தாள். படலையில் சைக்கிள் மணி அடித்தது. மீன்காரனை யாரோ என்னவோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். கனகாம்பிகையின் உடம்பு ஒவ்வொரு சத்தத்துக்கும் அரை அங்குலம் எழும்பி மறுபடி அமர்ந்தது. பேனை முனையை ஒரு தரம் துடைத்தாள். பிறகு துடைக்கவில்லை. திங்கள் தபால் இருந்தது. பவளம் தாளின் நடுவில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தாள்.

பத்து மணிபோல வேலிப் பொட்டுக்குள்ளால் இரத்தினம்மாவின் குரல் வந்தது. தேர் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து கதைக்காமல் இருந்தவள். அழுது தீர்ந்த பிறகு, "பங்குனியிலையே" என்ற சொல் அவளுக்கு நினைவு வந்திருந்தது.

"எடி கனகம்... மல்லி கொஞ்சம் இருந்தால் தாவன்."

மல்லியா வேண்டும் அவளுக்கு? மச்சாள் தானாகவே இறங்கி வந்திருக்கிறாள். இப்போது எழும்பாவிட்டால் இனி எப்போது கதைப்பாள்? கனகாம்பிகை ஒரு கையை நிலத்தில் ஊன்றினாள். மறு கையில் பேனை. பவளம் படலையைத் திறக்கப் போகிற வசனம் பாதியில் நின்றது.

முத்துக்குமாரு குசினிக்குள்ளிருந்து வந்தார். முழங்கையில் மஞ்சள் காய்ந்திருந்தது. கையில் கறுத்த மூடிப் பேணி. ஓரமாக, சுவரோடு ஒட்டி, பாயில் கால் படாமல் நடந்து, வேலியடிக்குப் போனார்.

"இந்தா அக்கா. அவ துடக்கு."

"என்னடா? நிண்டிட்டுதெண்டு ஊரெல்லாம் அரோகரா போட்டு..."

"உது வேறை துடக்கு."

வேலிக்கு அப்பால் பேணி மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "கஷாயம் அரைப் போத்தல் கிடக்கு. அதையாவது குடிக்கச் சொல்லு, பாதகத்தியை" என்று கேட்டது. கோபம் பாதி இறங்கியிருந்தது.

கனகாம்பிகை நிலத்தில் ஊன்றிய கையை எடுத்தாள். தாளைப் பிடித்தாள். பவளம் படலையைத் திறந்தாள். அதன் பிறகு வெயில் விறாந்தைக்குள் எவ்வளவு தூரம் ஏறியதென்று அவளுக்குத் தெரியாது.

தொண்டைச் செருமல் கேட்கவில்லை. காலடி மட்டும் மெல்ல வந்தது. முத்துக்குமாரு விளிம்பு உடைந்த அந்த எனாமல் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டு வந்திருந்தார். கையில் கொடுக்கலாம். கொடுக்க இனி ஒரு தடையும் இல்லை. அவர் எட்ட நின்று குந்தினார். கோப்பையை நிலத்தில் வைத்தார். காய்ந்த புண்கள் இழுபட, கையை நீட்டி, சத்தம் வராமல், ஒற்றை விரலால் அதை அவள் பக்கம் தள்ளினார்.